மைதானத்துக்கு வா தம்பி, சான்றிதழ்ச் சந்தைக்குப் போகாதே!

(பல்லடத்தில் மாணவர்களும் பெற்றோர்களும் வியாபாரப் பெருமக்களும் கலந்துகொண்ட கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

கல்விக் கூட்டம் என்றால் எந்தப் படிப்புக்கு எவ்வளவு மார்க், எந்தக் கல்லூரியில் எவ்வளவு பீஸ், உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்றுதான் பேசுவோம். இன்று நான் விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இந்த ஹஜரத்துக்கு வேறு வேலை இல்லையா என்று நினைத்துவிடாதீர்கள். காரணம் இருக்கிறது.

கொஞ்ச காலமாக ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் பெற்றோர்கள் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஹஜரத், பையன் இப்பப் பதினொண்ணு படிக்கிறானுங்க. ஏதாச்சும் ஒரு வெளையாட்டுல சேத்தி உட்டு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கீட்டா, காலேஜுல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட்டுக் கெடைக்குமாமுங்களே?"

பள்ளிவாசல் படியில் நின்றுகொண்டு இரண்டு வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை இது. ஆனாலும் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீட்டுக்காக என்றால், பதினொன்றாம் வகுப்பில் புதிதாக விளையாட்டில் சேர்வது காலம் கடந்த வேலை. பிள்ளைக்காக என்றால், இன்றைக்கே சேருங்கள். ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தைத்தான் இப்போது பேசப் போகிறோம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

நீங்கள் வியாபாரிகள். கோழிக்கு இன்றைக்கு என்ன விலை என்று பார்க்காமல் ஒரு லோடு எடுக்க மாட்டீர்கள். நூல் விலை தெரியாமல் தறிக்குப் பாவு ஓட்ட மாட்டீர்கள். பிள்ளையின் விஷயத்தில் மட்டும் ஏன் கணக்குப் பார்க்காமல் இறங்குகிறீர்கள்?

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று அண்மை ஆண்டுகளில் ஒதுக்கப்பட்டுவரும் இடங்கள் 500. மாநிலம் முழுவதற்கும், எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து 500. மருத்துவப் படிப்பில் 7 இடங்கள்தான். அதற்கும் நீட் தேர்வில் தகுதி பெற்றாக வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. 2024-25 கல்வியாண்டில் விளையாட்டு வீரர்களுக்கென்று தனிச் சேர்க்கையைத் தொடங்கியது. ஐ.ஐ.டி.களில் அதுதான் முதல். ஒவ்வொரு பட்டப் படிப்பிலும் கூடுதலாக 2 இடங்கள், அதில் ஒன்று பெண்களுக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் தேறியிருக்க வேண்டும். முந்தைய நான்கு ஆண்டுகளுக்குள் தேசிய அல்லது சர்வதேசப் போட்டியில் ஒரு பதக்கமாவது வாங்கியிருக்க வேண்டும்.

இந்த இடங்களுக்கு எதிரே நிற்பவர்கள் யார்? நாட்டுக்காக ஆடியவர்கள், மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவர்கள், பதக்கம் வாங்கியவர்கள். அந்த வரிசையில் உங்கள் பையன் குறுவட்டப் போட்டித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பான்?

பள்ளிக்கூட விளையாட்டு எப்படி நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பாரதியார் தினம், குடியரசு தினம் என்ற பெயர்களில் பள்ளிக் கல்வித் துறை போட்டிகளை நடத்துகிறது. முதலில் குறுவட்டம், பிறகு மாவட்டம், அதற்கும் மேலே மாநிலம். மாநிலத்தில் தேர்வானவர்கள் தேசியப் போட்டிக்குப் போகிறார்கள். வயது வாரியாக 14-க்கு உட்பட்டோர், 17-க்கு உட்பட்டோர், 19-க்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவுகள். ஆறாம் வகுப்பில் மைதானத்துக்கு வந்த பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிவதற்குள் ஏழு ஆண்டுகள் கிடைக்கின்றன. பதினொன்றாம் வகுப்பில் வருகிறவனுக்கு இரண்டே ஆண்டுகள். முதலாண்டில் பள்ளி திறந்து சில வாரங்களில் குறுவட்டப் போட்டி வந்துவிடும். பையன் அப்போதுதான் பந்தைப் பிடிக்கக் கற்றுக்கொண்டிருப்பான். இரண்டாம் ஆண்டில் பொதுத் தேர்வு பயமுறுத்தும். ஏழு ஆண்டு உழைத்தவனோடு ஒன்றரை ஆண்டுக்காரன் போட்டி போடுவதில் என்ன நியாயம் இருக்கிறது?

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2007-ஆம் ஆண்டு முதல் நமக்கு 3.5 சதவீதத் தனி இட ஒதுக்கீடு இருக்கிறது. சமுதாயம் எத்தனை மாநாடு நடத்தி, எத்தனை மனுக் கொடுத்துப் பெற்ற உரிமை அது! பொறியியல் கலந்தாய்வில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. ஒன்றரை லட்சத்தில் 3.5 சதவீதம் என்றாலே ஐயாயிரத்துக்கு மேல் வருகிறது. நமக்கென்று ஐயாயிரம் இடங்கள் காத்திருக்கும்போது, மாநிலத்துக்கே 500 இருக்கும் வாசலில் போய் முட்டிக்கொண்டு நிற்பது புத்திசாலித்தனமா? கணிதத்தில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50 என்று 200-க்குத்தான் கட் ஆஃப். சான்றிதழுக்காக அலையும் நேரத்தில் கணிதத்தை ஒழுங்காகப் போட்டாலே பையன் கேட்ட கல்லூரி கிடைத்துவிடும்.

சந்தையில் விற்கும் தாள்

கணக்கு ஒத்துவரவில்லை என்றதும் சிலர் குறுக்கு வழியைத் தேடுகிறார்கள். "ஆள் இருக்காருங்க, காசு குடுத்தா மாநில லெவல் சர்ட்டிபிகேட்டே வாங்கித் தந்துருவாருங்க" என்று காதில் ஓதுவதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

சகோதரர்களே! ஆடாத ஆட்டத்துக்கு வாங்கும் சான்றிதழ் பொய்ச் சாட்சி. அதைக் காட்டி வாங்கும் இடம் இன்னொரு பிள்ளையிடமிருந்து பறித்த இடம். யாரோ ஒரு கூலித் தொழிலாளியின் மகள், விடிவதற்கு முன் எழுந்து ஏழு வருடம் ஓடியவள், அவளுடைய இடம் அது. எடைக் கல்லில் கை வைப்பது ஹராம் என்று நமக்குத் தெரியும். இதுவும் எடைக் கல்லில் கை வைக்கும் வேலைதான்.

இந்த வியாதி நம் ஊரில் மட்டும் இல்லை. பணமும் படிப்பும் கொழித்துக் கிடக்கும் அமெரிக்காவிலேயே நடந்தது. 2019 மார்ச் மாதத்தில் அந்நாட்டு எஃப்.பி.ஐ. ஒரு பெரிய மோசடியை வெளியே கொண்டுவந்தது. வில்லியம் சிங்கர் என்ற கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர் கோடீஸ்வரப் பெற்றோர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு, படகுத் துடுப்பையே தொடாத பிள்ளைகளைப் படகோட்ட வீரர்கள் என்றும், நீர்ப்பந்து ஆடாதவர்களை நீர்ப்பந்து வீரர்கள் என்றும் காட்டினார். போலிப் படங்கள் தயாரித்தார். பயிற்சியாளர்களுக்கு லஞ்சம் கொடுத்தார். பெரிய பெரிய பல்கலைக்கழகங்களில் இடம் வாங்கித் தந்தார். கடைசியில் 50-க்கும் மேற்பட்டோர் மீது வழக்குப் பாய்ந்தது. தம் பெண் பிள்ளைகளைப் படகோட்ட வீராங்கனைகள் என்று காட்டிய லோரி லாஃப்லின் என்ற பிரபல நடிகை 2020-இல் சிறைக்குப் போனார். சிங்கருக்கு 2023 ஜனவரியில் மூன்றரை ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

சிந்தித்துப் பாருங்கள்! அந்தப் பெற்றோர்களிடம் இல்லாத பணமா? இல்லாத வக்கீல்களா? அவர்களாலேயே தப்பிக்க முடியவில்லை. இங்கே கலந்தாய்வில் விளையாட்டுச் சான்றிதழ்களை நேரில் வரவழைத்துச் சரிபார்க்கிறார்கள். எந்த அமைப்பு நடத்தியது, எந்த ஆண்டு, எந்தப் போட்டி என்று கேட்பார்கள். பிடிபட்டால் சீட்டும் போகும், பெயரும் போகும், வழக்கும் வரும். அப்போது பத்திரிகையில் அந்தப் பையன் பெயர் மட்டுமா வரும்? சமுதாயத்தின் பெயரும் சேர்ந்துதானே வரும்?

தம்பிகளே, உங்களிடம் ஒரு வார்த்தை. அத்தா வாங்கித் தருகிறேன் என்று சொன்னாலும் நீங்கள் வேண்டாம் என்று சொல்லுங்கள். பெற்றவருக்குக் கட்டுப்படுவது கடமை. பாவத்தில் கட்டுப்படுவது கடமை இல்லை.

பிந்தி வந்தவர்களும் ஜெயித்திருக்கிறார்கள்

இவ்வளவும் கேட்டுவிட்டு, "அப்போ பதினொன்றாம் வகுப்புப் பையன் வீட்டிலேயே கிடக்கட்டுமா?" என்று கேட்பீர்கள். கூடாது, கூடவே கூடாது.

நம் கொங்குச் சீமையிலேயே ஒருவரைப் பாருங்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன். தகப்பனார் நெசவுக் கூலி. தாயார் சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை போட்டவர். தறியும் கோழியும்! பல்லடத்துக்காரர்களுக்கு அந்த வீட்டைப் பற்றி நான் விளக்க வேண்டுமா? இருபது வயது வரைக்கும் அவர் ஆடியது டென்னிஸ் பந்துக் கிரிக்கெட். அதற்குப் பிறகுதான் சென்னைக்குப் போய் லீக் ஆட்டத்தில் நிஜமான கிரிக்கெட் பந்தைக் கையில் எடுத்தார். 2015-இல் ரஞ்சிக் கோப்பையில் ஆடினார். உடனே பந்துவீச்சு முறை சரியில்லை என்று புகார் எழுந்தது. சோர்ந்து ஊருக்குத் திரும்பவில்லை. முறையைத் திருத்திக்கொண்டு மீண்டும் வந்தார். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2020 டிசம்பரிலிருந்து 2021 ஜனவரிக்குள், ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில், ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் ஆகிய மூன்றிலும் இந்தியாவுக்காக முதல் ஆட்டம் ஆடினார். ஒரே பயணத்தில் அப்படி ஆடிய முதல் இந்தியர் அவர்தான்.

மகாராஷ்டிரத்தில் நாசிக் மாவட்டத்து வறட்சிக் கிராமம் ஒன்றிலிருந்து ராணுவத்தில் சேர்ந்த தத்து போகனல் படகோட்டத்தைக் கற்கத் தொடங்கியது 2012-இல். அப்போது வயது இருபதைத் தாண்டிவிட்டது. நான்கே ஆண்டில், 2016 ரியோ ஒலிம்பிக்கில் தனிநபர் படகோட்டத்தில் உலகில் 13-ஆவது இடம் பிடித்தார்.

எல்லோரும் நடராஜன் ஆகிவிடலாம் என்று ஆசை காட்டுவதற்காக இவர்களைச் சொல்லவில்லை. கோடியில் ஒருவருக்குக் கிடைப்பதை எல்லோருக்கும் வாக்களிப்பவன் மோசடிக்காரன். நான் கவனிக்கச் சொல்வது வேறு. பிந்தி வந்த இந்த இருவரில் யாரும் கல்லூரி விண்ணப்பத்துக்காக வரவில்லை. ஆட்டத்துக்காக வந்தார்கள். அதனால்தான் ஆரம்பத்தில் தோற்றபோதும் நின்றார்கள். சான்றிதழுக்காக வந்தவன் முதல் தோல்வியிலேயே கிட் பையை மூலையில் போட்டுவிடுவான்.

இன்னொரு செய்தியைக் கேளுங்கள். பள்ளிக்கூடத்தோடு விளையாட்டு முடிந்துபோவதில்லை. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான அகில இந்தியப் போட்டிகளில் 25 வயது வரை ஆடலாம். பதினாறு வயதில் தொடங்குகிறவனுக்கு அதற்கு இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருக்கின்றன! கோவையிலும் திருப்பூரிலும் எத்தனை கல்லூரிகள்! பாரதியார் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கு இடையே போட்டிகள் நடக்கின்றன. மார்க்கை வைத்துக் கல்லூரிக்குள் நுழை. இரண்டு ஆண்டு பழகிய உடலோடு நுழை. முதல் வாரமே உடற்கல்வி இயக்குநரைப் போய்ப் பார். பள்ளியில் பிந்தியவன் கல்லூரியில் முந்தலாம்.

விளையாட்டு வீரனாகவே ஆகாவிட்டாலும் இந்த உழைப்பு வீணாகாது. காவல்துறையில் நம் சமுதாயத்துக்குப் போதிய ஆட்கள் இல்லை என்று மேடைதோறும் பேசுகிறோம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வு தேறிய ஆண்கள் 1500 மீட்டர் தூரத்தை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அதற்கு மேல் கயிறு ஏறுதல், தாண்டுதல் எல்லாம் உண்டு. நம் பிள்ளைகளில் எத்தனை பேரால் இன்று அந்த 1500 மீட்டரை மூச்சு வாங்காமல் ஓட முடியும்? கண்டன ஆர்ப்பாட்டத்தில் கோஷம் போடும் தொண்டை இருக்கிறது. ஓடுவதற்குக் கால் இல்லை என்றால் யாரைக் குறை சொல்வது? பதினொன்றாம் வகுப்பில் தொடங்கி அன்றாடம் ஓடும் பையனுக்கு அந்த ஏழு நிமிடம் கைக்கு எட்டும் தூரம்தான்.

அதைவிடப் பெரிய ஆதாயம் ஒன்று உண்டு. மாலை நேரத்தில் நம் பையன்கள் எங்கே இருக்கிறார்கள்? முக்கில் நின்று செல்போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். சிலர் உதட்டுக்குள் கூல் லிப் வைத்திருக்கிறார்கள். மைதானத்துக்குப் போனவன் வியர்வையோடு வீட்டுக்கு வருவான், பசித்துச் சாப்பிடுவான், படுத்ததும் தூங்குவான். அந்த மைதானத்தில் கவுண்டர் வீட்டுப் பையனும் அருந்ததியர் வீட்டுப் பையனும் நம் பையனும் ஒரே பந்தைத் துரத்துவார்கள். 1997 நவம்பரிலும் 1998 பிப்ரவரியிலும் கோவை பட்ட காயத்தை இங்கே இருக்கும் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒருவரை ஒருவர் முகம் பார்த்துப் பழகாத பிள்ளைகளிடம் வதந்தி சுலபமாக வேலை செய்யும். ஒரே அணியில் ஆடியவனைப் பற்றி யார் என்ன சொன்னாலும், "அவன எனக்குத் தெரியுமுங்க" என்று சொல்ல ஒரு வாய் இருக்கும். இதற்கு எந்தத் துறையும் சான்றிதழ் தராது. ஆனால் ஊருக்கு இது வேண்டும்.

எதில் சேருவது?

பிந்தி வருகிறவன் எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்க வேண்டும். ஜிம்னாஸ்டிக்ஸ், நீச்சல், டென்னிஸ் போன்றவற்றில் சிறு வயதிலேயே உடம்பில் ஊற வேண்டிய நுணுக்கங்கள் அதிகம். உயரம், வலு, மூச்சுப் பிடிப்பு ஆகியவை அதிகம் பேசும் ஆட்டங்களில் பிந்தியவனுக்கும் இடம் கிடைக்கும். உயரமானவன் கைப்பந்துக்குப் போகலாம். தோள் வலு உள்ளவன் குண்டு, ஈட்டி எறிந்து பார்க்கலாம். மெலிந்தவன் நெடுந்தூரம் ஓடலாம். கட்டுமஸ்தானவனுக்குக் கபடி இருக்கிறது, பளு தூக்குதல் இருக்கிறது.

எல்லோரும் கிரிக்கெட்டுக்கே ஓடாதீர்கள். சிலம்பம், ஜூடோ, வாள்வீச்சு, வளையப்பந்து, கேரம் என்று பள்ளிகளில் புதிய விளையாட்டுகள் வந்திருக்கின்றன. கூட்டம் குறைவான வாசலில் நுழைவது சுலபம். சென்னையைச் சேர்ந்த பவானி தேவி 2004-இல் பள்ளியில் விளையாட்டில் சேரப் போனபோது மற்ற ஆட்டங்களில் எல்லாம் இடம் நிரம்பிவிட்டது, மிஞ்சியிருந்தது வாள்வீச்சு. அதில் சேர்ந்தார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வாள்வீச்சில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார்.

எதில் சேர்வது என்பதை நீங்களாக முடிவு செய்யாமல் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடம் கேளுங்கள். பிள்ளையின் உடம்பைப் பார்த்தே அவர் சொல்வார். முதல் மாதமே முழு வேகத்தில் இறங்க வேண்டாம். பழகாத முட்டியும் கணுக்காலும் தாங்காது. பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பவன் நாளுக்கு ஒரு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும். மைதானத்தைக் காட்டிப் படிப்பை ஏமாற்றக் கூடாது; படிப்பைக் காட்டி மைதானத்தையும் ஏமாற்றக் கூடாது.

பெண் பிள்ளைகள் விஷயம்

தாய்மார்களே, "பையன்களுக்குச் சரி, பொண்ணுங்களுக்கு எதுக்குங்க?" என்று நீங்கள் மனதுக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தியை நம் மதரசாக்களில் சிறு பிள்ளைகளும் அறிவார்கள். பெண் ஓடுவதே தவறு என்று சொல்லும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

உடை ஒரு தடை என்கிறீர்கள். அமெரிக்காவைச் சேர்ந்த இப்திஹாஜ் முஹம்மதின் பெற்றோருக்கும் அதே கவலைதான். உடல் முழுவதும் மூடியபடி ஆடும் ஆட்டம் எது என்று தேடினார்கள். வாள்வீச்சு கண்ணில் பட்டது. 13 வயதில் தொடங்கிய அந்தப் பெண் டியூக் பல்கலைக்கழகத்தில் படித்து, 2016 ரியோ ஒலிம்பிக்கில் தலையை மறைத்தபடியே ஆடி, அணிப் பிரிவில் வெண்கலம் வென்றார். கால்பந்தின் உலக அமைப்பு 2014-இலும், கூடைப்பந்தின் உலக அமைப்பு 2017-இலும் தலைத்துணிக்கு அனுமதி கொடுத்துவிட்டன. உலகம் வழிவிட்ட பிறகு நாமே வழியை மறித்துக்கொண்டு நிற்பானேன்?

சென்னையின் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள் காசிமா. கேரம் பலகை நம் வீதிகளில் எல்லாம் கிடக்கிறது. வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்றுதான் அதை நினைக்கிறோம். அதே கேரமில், 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 17. உங்கள் மகள் பதினொன்றாம் வகுப்பில் இருக்கும் அதே வயது! சிறு வயதிலேயே அந்தப் பலகையின் முன் உட்கார விட்ட வீடு அது. நீங்கள் ஆறாம் வகுப்பு மகளைத் தடுத்துவிட்டு, பதினொன்றில் வந்து சான்றிதழ் கேட்கிறீர்கள்.

கடை முதலாளிகளுக்கு

இறுதியாக வியாபாரப் பெருமக்களிடம் வருகிறேன்.

பாய்மார்களே, ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடையில் கூட்டம் அலைமோதும் என்பது எனக்குத் தெரியும். பையன் தராசுப் பக்கம் நின்றால்தான் ஆகும் என்பதும் தெரியும். ஆனால் உள்ளூர்ப் போட்டிகள் பெரும்பாலும் அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் வருகின்றன. இரண்டு பையன்கள் இருந்தால் வாரம் ஒருவரை விடுங்கள். ஒருவன்தான் என்றால் போட்டி உள்ள ஞாயிறு மட்டுமாவது விடுங்கள். அந்த ஒரு காலைக்கு ஓர் ஆளைக் கூலிக்கு வைத்தால் குடி முழுகிவிடாது. அந்தக் கூலி உங்கள் பிள்ளைக்கு நீங்கள் கட்டும் பீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னப்பம்பட்டி நடராஜனைப் பற்றிச் சொன்னேன். அவர் சட்டையின் முதுகில் வெகு நாள் 'ஜே.பி. நட்டு' என்று எழுதியிருந்தது. அந்த ஜே.பி., அவர் ஊரைச் சேர்ந்த ஜெயப்பிரகாஷ். இவனிடம் திறமை இருக்கிறது என்று கண்டு, சென்னைக்குப் போக வழிகாட்டிக் கைகொடுத்த அண்ணன். ஊருக்கு ஒரு ஜெயப்பிரகாஷ் இருந்தால் போதும். அந்த நடராஜனும் பிறகு தன் ஊரில் மைதானம் அமைத்தார். 2023-இல் அது திறக்கப்பட்டது. கொடுத்த கை வீண் போகவில்லை, வாங்கிய கையும் சும்மா இருக்கவில்லை. நம் வியாபாரிகளில் எத்தனை பேர் ஜெயப்பிரகாஷ் ஆகத் தயார்?

கோடி ரூபாயா கேட்கிறேன்? ஒரு ஜோடி ஓடும் ஷூ. மாவட்டப் போட்டிக்குப் போய்வர பஸ் காசு. இரண்டு கைப்பந்து, ஒரு வலை. நம் வீட்டுப் பையனுக்கு மட்டும் என்று பார்க்காதீர்கள். கூட ஆடுகிற எந்த வீட்டுப் பையனுக்கும் கொடுங்கள்.

ஜமாஅத் பொறுப்பாளர்களுக்கும் உஸ்தாதுமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். அஸருக்குப் பிறகு மக்தப், அதே நேரத்தில் பள்ளி மைதானத்தில் பயிற்சி என்றால் பிள்ளை என்ன செய்வான்? ஏதாவது ஒன்றைத் திருடுவான். நாமே நேரத்தை மாற்றிக் கொடுப்போம். விளையாடும் பிள்ளைகளுக்கு சுபுஹுக்குப் பின்னாலோ மஃரிபுக்குப் பின்னாலோ ஓதும் நேரத்தை வைத்தால் ஓதலும் குறையாது, ஆட்டமும் நிற்காது.

அதைவிட முக்கியமானது, ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள். அவர்களின் பட்டியலை ஒவ்வொரு ஜமாஅத்தும் எடுக்க வேண்டும். 1992 முதல் இயங்கும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் விளையாட்டு விடுதிகளை நடத்துகிறது. 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளில் சேரும் மாணவ மாணவியருக்குத் தேர்வுப் போட்டி வைத்துச் சேர்க்கிறார்கள்; தங்குமிடமும் உணவும் பயிற்சியும் அரசுடையது. அந்த அறிவிப்பு வரும்போது நம் பிள்ளைகள் தயாராக இருக்க வேண்டாமா? ஒதுக்கீட்டு வாசல் பன்னிரண்டாம் வகுப்பில் திறப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதன் சாவி ஆறாம் வகுப்பில் இருக்கிறது.

ஆகவே தம்பி, நீ பதினொன்றாம் வகுப்பில் இருந்தால் நாளைக் காலை மைதானத்துக்கு வா. சீட்டு கிடைக்குமா என்று கேட்காமல் வா. முதல் மூன்று மாதம் எல்லோரிடமும் தோற்பாய், பரவாயில்லை, வா. வரும்போது ஆறாம் வகுப்புப் படிக்கும் உன் தம்பியையும் தங்கையையும் கையைப் பிடித்துக் கூட்டி வா. உனக்குப் பிந்தியது அவர்களுக்குப் பிந்தக் கூடாது. உனக்குக் கிடைக்கும் உடலும் ஒழுக்கமும் நட்பும் உன்னுடையவை. ஏழு ஆண்டு கழித்து அந்த 500 இடங்களில் ஒன்றில் அவர்கள் தலைநிமிர்ந்து, உண்மையான சான்றிதழோடு போய் உட்காரும்போது அதில் உன் பங்கும் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.